மூன்று சுற்று, ஒரு பல்: சைக்கிள் செயினில் பிரிந்த பத்து இலக்க எண்

8616460799. செல்லூரில் நான் டியூஷன் எடுக்கும் அறையில், கரும்பலகையின் மேல் ஓரத்தில் இந்த எண் இரண்டு வருடமாக அழியாமல் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இது யாரு நம்பர் சார்?" பத்து இலக்கம், 8-ல் தொடங்குகிறது என்றால் கைபேசி எண் என்றுதானே தோன்றும்.

இது ஜெவான்ஸ் எண். வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் இங்கிலாந்துக்காரர். பொருளாதாரத்திலும் தர்க்கத்திலும் பேர் பெற்றவர். இரண்டு எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த விடையை வைத்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்று விளக்க, 1874-ல் வந்த தன் நூலில் இதை உதாரணமாகக் கொடுத்தார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்பது தன்னைத் தவிர யாருக்கும் தெரியவரும் என்று தோன்றவில்லை என்றும் எழுதினார்.

அமெரிக்கக் கணித அறிஞர் டெரிக் நார்மன் லேமர் 1903-ல் அதைப் பிரித்துவிட்டார். என்னைப் பிடித்து இழுத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவர் மகன் டெரிக் ஹென்றி லேமரும் எண்களோடு வாழ்ந்தவர். 1926-ல், வெவ்வேறு நீளமுள்ள சைக்கிள் செயின்களை வைத்து எண்களைச் சலிக்கும் ஒரு கருவியை அவர் செய்தார். அப்பா பிரித்த எண்ணை மகன் செய்த மாதிரியான கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. காரணிகள் எவை என்பதை வேண்டுமென்றே பார்க்காமல் வைத்திருந்தேன். சித்திரைத் திருவிழா முடிந்து டியூஷனுக்கும் விடுமுறை விட்டதும் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் கணக்கு. 9 × 15 = 135. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 12. அதிலிருந்து இரண்டு பக்கமும் தூரம் 3. 12-ன் வர்க்கம் 144, 3-ன் வர்க்கம் 9; கழித்தால் அதே 135. ஒற்றைப்படை எண் எதுவானாலும், இரண்டு காரணிகளாகப் பிரித்தால் இப்படி 'நடு எண்ணின் வர்க்கம் கழித்தல் தூரத்தின் வர்க்கம்' என்று எழுதலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா சொல்லிக்கொடுத்த வழி இது. ஆக, ஒவ்வொரு நடு எண்ணாக எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். 92824-ன் வர்க்கம் ஜெவான்ஸ் எண்ணைவிடச் சிறியது, 92825-ன் வர்க்கம் பெரியது. எனவே தேடல் 92825-ல் தொடங்கும்.

ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்தால் கை ஒடிந்துவிடும். அங்கேதான் மீதிகள் உதவுகின்றன. எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1; 2 வரவே வராது. ஜெவான்ஸ் எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 2. நடு எண்ணின் வர்க்கம் மீதி 1 தந்தால், அதிலிருந்து 2 போனால் −1, அதாவது மீதி 2. அது தூரத்தின் வர்க்கமாக இருக்க முடியாது. மீதி 0 தந்தால் தடையில்லை. அப்படியென்றால் நடு எண் 3-ன் மடங்காகத்தான் இருக்க வேண்டும்! ஒரே வகுத்தலில் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் கழிந்துபோயின. 8-ஆல் வகுத்தால் நம் எண் மீதி 7 தரும். ஒற்றைப்படை வர்க்கம் எதுவும் 8-க்கு மீதி 1 தரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தூரம் ஒற்றைப்படை, நடு எண் 4-ன் மடங்கு என்று வந்துவிடும். ஆக நடு எண் 12-ன் மடங்கு. இதே வழியில் 5-க்கு மீதி 0, 2, 3 மட்டும்தான் தேறும். 7, 11, 13 ஆகியவற்றுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு.

ஒவ்வொரு பட்டியலும் ஒரு வட்டம். 7-க்கான பட்டியல் ஏழு எண்ணுக்கு ஒரு முறை திரும்பும், 11-க்கானது பதினொன்றுக்கு ஒரு முறை. வட்டமாகத் திரும்புவதற்குச் செயினைவிடப் பொருத்தமான பொருள் எது? எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்ட காலத்தில், ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளை மாலையாகக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அது சுற்றிச் சுற்றி வர, சேலையில் ஒரே பூ திரும்பத் திரும்ப விழும். சின்ன வயதில் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். செயின் சல்லடை பற்றிப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த அட்டை மாலைதான். அதனாலேயே முதலில் சார்ட் அட்டையைக் கீற்றாக வெட்டிச் செய்து பார்த்தேன். ஐந்து கீற்றையும் ஒரே நேரத்தில் ஒரு கட்டம் நகர்த்துவது முடியாத காரியம். ஒன்று நழுவினால் எல்லாம் போயிற்று. அரை நாளில் விட்டுவிட்டேன்.

கோரிப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை பாயிடம் போனேன். இரண்டு பழைய செயின், ஐந்து பழைய பதினெட்டுப் பல் ஃப்ரீவீல். எதற்கென்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். 5, 7, 11, 13 கண்ணிகளுக்குச் செயின் மிகச் சின்னது, பல்சக்கரத்தைச் சுற்றி வராது. அதனால் 25, 21, 33, 39 என்று மடங்குகளாக வெட்டித் தரக் கேட்டேன்.

"ஒத்தைப்படையில செயின் பூட்ட முடியாது வாத்தியாரே" என்றார் பாய். ஒரு செயினைக் கையில் எடுத்து விரித்துக் காட்டினார். "இது உள்கண்ணி, இது வெளிக்கண்ணி. மாறி மாறித்தான் வரும். ஒத்தையில வெட்டுனா கடைசியில உள்கண்ணியும் உள்கண்ணியும் முட்டும். எப்படிப் பூட்டுறது?"

இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியும் அதைக் கவனித்ததில்லை. ஆனால் இது கணக்கைக் கெடுக்காது. 7-ன் பட்டியலை நான்கு முறை எழுதினால் 28 கண்ணி, இரட்டைப்படை. 11-ஐ இரண்டு முறை எழுதினால் 22, 13-ஐ இரண்டு முறை எழுதினால் 26, 5-ஐ ஆறு முறை எழுதினால் 30, 12-ஐ இரண்டு முறை எழுதினால் 24. மொத்தம் 130 கண்ணி, இரண்டு செயினில் அடங்கிவிடும். பாய் பின்னைத் தட்டி எடுத்து, வெட்டி, ஐந்து வளையமாகப் பூட்டிக் கொடுத்தார்.

துருப்பிடித்த கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றன. அப்படி நிற்கும் கண்ணி பல்லில் உட்காராமல் தாவும். ஒரு பல் தாவினாலும் விடை தப்பு. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொரு கண்ணியாக மடக்கி மடக்கி இளக்கினேன்.

ஃப்ரீவீல்களை ஒரு அங்குல ஜிஐ பைப்பில் கோத்தேன். உள்விட்டம் கிட்டத்தட்ட அளவாக இருந்தது, லேசான ஆட்டம் மட்டும்தான். இங்கே ஒரு தவறு செய்தேன், செய்ய நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் உள்வளையத்தை மட்டும் பைப்போடு சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லிவிட்டேன். ஃப்ரீவீல் என்றாலே ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் சும்மா சுற்றும். முன்னால் சுற்றும்போது சரியாக இருந்தது. தொடக்க நிலைக்குக் கொண்டுவர லேசாகப் பின்னால் திருப்பியதும் ஐந்து சக்கரமும் ஐந்து திசையில் நின்றன. மறுபடி பட்டறைக்கு நடை. பற்களின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து ஐந்தையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, வெளிவளையத்தையும் உள்வளையத்தையும் சேர்த்து இரண்டு இரண்டு பொட்டு வைத்துப் பூட்டினோம். பைப்பின் முனையில் பழைய பெடல் கிராங்க் ஒன்றைக் கைப்பிடியாக வைத்தோம். இரண்டு மரக்கட்டையில் 'வ' வடிவப் பள்ளம் வெட்டி, அதன்மேல் பைப்பை உட்கார வைத்தேன். செலவு எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

அடுத்தது குறியிடுவது. தேறாத மீதி உள்ள கண்ணிகளுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், தேறும் கண்ணிகள் வெறும் இரும்பாக. சுற்றும்போது உச்சியில் இருக்கும் ஐந்து கண்ணிகளில் ஒன்றுகூடச் சிவப்பாக இல்லையென்றால் நிறுத்த வேண்டும். முதல் பூச்சு ஒரு மணி நேரத்தில் உரிந்து வந்துவிட்டது, மண்ணெண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி பூசியதும் நின்றது.

தொடக்க நிலை: 92825-ஐ 12, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்தால் மீதி வரிசையாக 5, 0, 5, 7, 5. ஒவ்வொரு செயினிலும் அந்த மீதிக்குரிய கண்ணியை உச்சியில் நிறுத்தினேன். இனி ஒரு பல் நகர்ந்தால் நடு எண் ஒன்று கூடும். முழுச் சுற்றுக்கு 18. சுற்றை எண்ணும் பொறுப்பை, விடுமுறைக்குத் திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அக்கா மகளிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு. ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பாள்.

ஐந்து கொட்டை வைத்து, மேற்கொண்டு 13 பல் போனதும் உச்சி வரிசை சிவப்பே இல்லாமல் நின்றது. 103 கண்ணி; அதாவது 92928. அதன் வர்க்கத்திலிருந்து ஜெவான்ஸ் எண்ணைக் கழித்தால் 19152385. வர்க்கமூலம் எடுக்கவே வேண்டியதில்லை. 5-ல் முடியும் வர்க்கம் 25-ல்தான் முடியும், இது 85-ல் முடிகிறது. சல்லடையில் கல்லும் கொஞ்சம் தங்கும் என்று தெரியும், எனவே கவலைப்படாமல் தொடர்ந்து சுற்றினேன். நாற்பது சுற்று, ஐம்பது சுற்று. நிற்கும் இடமெல்லாம் பொய். தோள் வலிக்க ஆரம்பித்தது. செயின் எங்கோ தாவியிருக்கும் என்று நினைத்துத் திரும்பத் தொடக்கத்துக்கு வந்து சுற்றினேன். அதே இடங்களில்தான் நின்றது. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்பது அப்போது புரிந்தது. தப்பு நான் கொடுத்த கணக்கில்.

இரண்டு நாள் நோட்டைப் புரட்டினேன், தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை அக்கா மகள் கேட்டாள்: "மாமா, 11-க்கு மீதி என்ன போட்டீங்க?"

"பத்து."

"எனக்கு ஒண்ணு வருதே."

பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அவள் போட்டிருந்தாள்: வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிப்பது. 9 − 9 + 7 − 0 + 6 − 4 + 6 − 1 + 6 − 8 = 12. 11-ஆல் வகுத்தால் மீதி 1. அவள் சொன்னதுதான் சரி.

நான் செய்தது இது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கக் கூறுகளாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், மூன்றுக்கும் மீதியை ஒரே தடவையில் எடுத்துவிடலாம். மிக அழகான வழி, வகுப்பில் நானே பல முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 8, 616, 460, 799. இதை இடப்பக்கத்திலிருந்து தொடங்கி 8 − 616 + 460 − 799 = −947 என்று எழுதியிருக்கிறேன். வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்: 799 − 460 + 616 − 8 = 947. குறி தலைகீழாகிவிட்டது. வகுப்பில் நான் போடும் உதாரணங்கள் பெரும்பாலும் ஒன்பது இலக்கம், அதாவது மூன்று கூறு. அதில் எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒரே விடைதான். நான்கு கூறு வந்ததும் பழக்கம் காலை வாரிவிட்டது. இப்போது வகுப்பில் இந்த விதியைச் சொல்லும்போது நான்கு கூறுள்ள எண்ணைத்தான் முதல் உதாரணமாகப் போடுகிறேன்.

சரியான மீதி 7-க்கு 2, 11-க்கு 1, 13-க்கு 11. மூன்று செயினையும் ரிமூவர் போட்டுத் துடைத்து மறுபடி குறியிட்டோம். தேறும் மீதிகள்: 7-க்கு 2, 3, 4, 5, 11-க்கு 1, 2, 4, 7, 9, 10, 13-க்கு 1, 5, 6, 7, 8, 12. 130 கண்ணிகளில் 70 சிவப்பு. ஐந்து செயினையும் தாண்டி வருவது சராசரியாக 139 எண்ணுக்கு ஒன்றுதான். சாயங்காலம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தோம்.

ஒரு கொட்டை. இரண்டு. மூன்று. மூன்றாவது சுற்று முடிந்து அடுத்த பல்லில், உச்சியில் ஐந்தும் வெறும் இரும்பு.

55 கண்ணி. 92825-உடன் 55, 92880. அதன் வர்க்கம் 8626694400. ஜெவான்ஸ் எண்ணைக் கழித்தால் 10233601. வர்க்கமா? 3200-ன் வர்க்கம் 10240000. அதைவிட 6399 குறைவு. 6399 என்பது 3200-ம் 3199-ம் சேர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் அந்த எண்களின் கூட்டுத்தொகைதான் என்பதால், இது 3199-ன் வர்க்கமேதான். 92880-லிருந்து 3199 கழித்தால் 89681, கூட்டினால் 96079. அக்கா மகள் தாளில் பெருக்கினாள். 8616460799 வந்ததும் கத்திய கத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

இரண்டும் பகா எண்கள். இவற்றைத் தவிர வேறு பிரிவு இந்த எண்ணுக்குக் கிடையாது. 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டு போயிருந்தால், 89681-க்கு முன் 8,600-க்கும் மேற்பட்ட பகா எண்களை வீணாக வகுத்திருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி நோட்டோடு உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இந்த எண்ணுக்குச் செயினே வேண்டாம்! 92825-க்குப் பிறகு 12-ன் மடங்குகள் 92832, 92844, 92856, 92868, 92880. 5-க்கான பட்டியல்படி, இரட்டைப்படை நடு எண் 0, 2, 8-ல்தான் முடிய வேண்டும். 92844, 92856 போயின. 92868-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6, தேறாது. 92832-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 3, தேறாது. மிஞ்சுவது 92880 ஒன்றே. சாலமன் கோலம்ப் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், இந்த எண்ணைச் சாதாரணக் கால்குலேட்டரில் சீக்கிரமே பிரித்துவிடலாம் என்று 1996-ல் எழுதியிருக்கிறார் என்பதைப் பிறகு படித்தேன். எனக்கு வருத்தம் இல்லை. மீதிகள் வட்டமாகச் சுழல்கின்றன என்பதை இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்து வட்டம் ஒரே பல்லில் வந்து சேர்வதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெவான்ஸ் சொன்ன கருத்து சரி. தேர்ந்தெடுத்த எண்தான் பலவீனமானது. 89681-ம் 96079-ம் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் நடு எண் தொடக்கத்துக்கு 55 கண்ணி தூரத்திலேயே கிடைத்துவிட்டது. ஒரு காரணி ஆயிரத்தை ஒட்டியும் மற்றது எண்பத்தைந்து லட்சத்தை ஒட்டியும் இருந்திருந்தால் நடு எண்ணுக்கு நாற்பது லட்சம் கண்ணிக்கு மேல் போக வேண்டும். இந்தக் கைப்பிடியில் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல். ஆனால் அப்படிப்பட்ட எண்ணைச் சாதாரண வகுத்தல் சீக்கிரம் பிடித்துவிடும். 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ என்ற சங்கேதப் பூட்டு, ஜெவான்ஸ் சொன்ன அதே கஷ்டத்தின் மேல் கட்டியது. அதில் இரண்டு பெரிய பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கக் கூடாது என்று விதியே உண்டு. ஏன் அப்படி ஒரு விதி என்று யாராவது கேட்டால் இனி இந்தச் செயினைச் சுற்றிக் காட்டுவேன்.

அடுத்த வாரம் ஃபெர்மாவே பயன்படுத்திய 2027651281-ஐப் போட்டோம். 45030-ல் தொடக்கம். பதினோரு பல்லில் 45041, தூரம் 1020, காரணிகள் 44021, 46061. ஒரு சுற்றுகூட ஆகவில்லை. குறிகளை அழித்துத் திரும்ப எழுதத்தான் ஒரு மணி நேரம்.

ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள், அக்கா மகள் தன் அம்மாவின் கைபேசி எண்ணைப் பிரிக்க வேண்டும் என்றாள். அது இரட்டைப்படை. 2-ஆல் ஒரு முறை வகுபடும், 4-ஆல் வகுபடாது. முதல் செயினுக்குக் குறி போட நானும் அவளும் பட்டியல் எழுதினோம். 4-க்கு மீதி 2 தரும் எண் இது. வர்க்கங்களோ 4-க்கு 0 அல்லது 1 மட்டுமே தரும். 0-லிருந்து 2 போனாலும் சரி, 1-லிருந்து 2 போனாலும் சரி, மிஞ்சுவது வர்க்கமாகாது. அவள் ஒவ்வொரு கண்ணியாகச் சிவப்புப் பூசிக்கொண்டே வந்து, இருபத்து நாலாவது கண்ணியையும் பூசிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, வெறும் கண்ணி ஒண்ணுகூட இல்லையே. இது எங்க நிக்கும்?"

"எங்கயும் நிக்காது. இந்த எண்ணை ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா எழுதவே முடியாது."

அவள் அந்தச் செயினைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முழுச் சிவப்பாக டியூஷன் அறை ஆணியில் தொங்குகிறது. 12-க்கு வேறு செயின் பூட்டித் தரும்படி பாயிடம் சொல்லியிருக்கிறேன். கூடவே 17-க்கு 34 கண்ணி, 19-க்கு 38 கண்ணி.